கட்டடமும் கானமும்

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் வழக்கு ஒன்று உண்டு. கோர்ட்டுக்குப் போகும் வழக்கு அல்ல; கூடத்து ஊஞ்சலில் தொடங்கிச் சமையலறை வாயிலில் முடியும் வழக்கு. பிள்ளை கணக்கில் கெட்டிக்காரன். இஞ்சினீயர் பரீட்சைக்குப் படிக்கிறான். ஆனால் அந்தி சாய்ந்ததும் பிடிலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்காதே; ஒன்றை விட்டுவிடு" என்கிறார் தகப்பனார். "எதை விடுவது?" என்று கேட்கிறான் பிள்ளை. தகப்பனாருக்கு விடை தெரியும். பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் இருவர் விடையும் ஒன்றல்ல. அங்கேதான் வழக்கு நீள்கிறது.

இந்த வழக்கிலே சாட்சி சொல்லத் தகுந்த ஒருவரை இவ்வாரம் நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறோம். அவர் நம் தேசத்தார் அல்லர், கிரேக்கர். பெயர் யானிஸ் ஸெனாக்கிஸ். கட்டடத்துக்குக் கணக்குப் போட்டு வயிறு வளர்த்தவர். சங்கீதத்துக்காக உயிர் வாழ்ந்தவர். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பற்றியவர் அல்லர். கட்டடம் கட்டிய கையாலேயே கானமும் அமைத்தவர். 2001-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் காலமானார். அவருடைய சங்கீதம் காதுக்கு இனிமையானதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். பின்னே ஏன் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்றால், அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் சேதி ஒன்று இருக்கிறது.

ருமேனியா தேசத்தில் பிரெய்லா என்னும் ஊரில் 1922-ஆம் ஆண்டில் ஒரு கிரேக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தாயார் பியானோ வாசிப்பார். பிள்ளைக்கு ஐந்து வயது ஆனபோதே அந்த அம்மையார் காலமாகிவிட்டார். பத்து வயதில் ஸ்பெட்ஸஸ் என்ற கிரேக்கத் தீவிலுள்ள விடுதிப் பள்ளிக்குப் பையனை அனுப்பி வைத்தார்கள். அங்கிருந்து ஆதென்ஸ் நகருக்குச் சென்று, பாலிடெக்னிக் என்னும் உயர்தர இஞ்சினீயரிங் கலாசாலையில் சேரப் படித்தார். கணிதம், பௌதிகம், பழைய கிரேக்க காவியங்கள், சங்கீதம் நான்கிலும் ஒரே சமயத்தில் பித்து.

1940-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இத்தாலி கிரேக்கத்தின் மேல் படையெடுத்தது. கலாசாலைக் கதவுகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு ஜெர்மானியர் உள்ளே புகுந்தனர். தேசம் அடிமைப்பட்டது, அந்நியக் கொடி பறந்தது, ஜனங்கள் பட்டினியால் மடிந்தார்கள். ஸெனாக்கிஸ் தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தார். கலாசாலை திறந்தபோது படிப்பு, மூடியபோது போராட்டம். ஊர்வலம், கோஷம், கலைந்து ஓடும் கூட்டம், பின்னாலேயே வரும் துப்பாக்கி வேட்டு: இவையெல்லாம் நம் தேசத்தாருக்குப் புதிய விஷயங்கள் அல்ல, விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஊர்வலங்களில் மற்றவர் கேளாத ஒன்றை இந்த இளைஞரின் காது கேட்டுக்கொண்டிருந்தது. பதினாயிரக்கணக்கான ஜனங்கள் ஒரே கோஷத்தை ஒரே தாளத்தில் முழங்கிக்கொண்டு வருகிறார்கள். முன்வரிசையில் தொடங்கும் கோஷம் அலைபோல் பின்வரிசைக்குப் போகிறது. திடீரென்று எதிரியின் இயந்திரத் துப்பாக்கி பேசுகிறது. அந்தத் தாளம் சிதறுகிறது. ஒரே கோஷம் ஆயிரம் கூக்குரலாக உடைகிறது. வேட்டுச் சத்தம் அவற்றின் ஊடே ஓடுகிறது. பிறகு மௌனம். ஒழுங்கு எப்படி ஒழுங்கின்மையாக மாறுகிறது என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை; தெருவில் நின்று கேட்டார். கேட்டதை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை.

1944-ஆம் ஆண்டு இறுதியில் ஜெர்மானியர் வெளியேறினர். சுதந்திரம் வந்தது என்று ஜனங்கள் நினைத்த சமயம், நேச நாடாகிய பிரிட்டனின் துருப்புகளுக்கும் கிரேக்க எதிர்ப்பியக்கத்தாருக்கும் ஆதென்ஸ் தெருக்களிலேயே சண்டை மூண்டது. ஸெனாக்கிஸ் இருந்த மாணவர் படைக்கு 'பைரன் பிரபு' என்று பெயர். கிரேக்கரின் சுதந்திரத்துக்காகக் கடல் கடந்து வந்து 1824-இல் கிரேக்க மண்ணிலேயே உயிர்விட்ட ஆங்கிலக் கவிஞரின் ஞாபகமாக வைத்த பெயர் அது. அந்தப் பெயர் தாங்கிய படையைச் சேர்ந்த வாலிபரின் முகத்தை 1945-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அதே கவிஞர் பிறந்த தேசத்தின் டாங்கியிலிருந்து வந்த குண்டு சிதைத்தது. இடது கண் போயிற்று; தாடை நொறுங்கியது. இறந்துவிட்டார் என்றே பக்கத்திலிருந்தவர்கள் எண்ணினார்கள். விதியின் பரிகாசம் என்று சொல்லலாம். ஏகாதிபத்தியத்தின் வழக்கம் என்றும் சொல்லலாம். நேயர்கள் தங்களுக்கு எது பொருத்தமாகத் தோன்றுகிறதோ அதை வைத்துக்கொள்க.

பிழைத்து எழுந்தார். ஒற்றைக் கண்ணுடன் படிப்பை முடித்து இஞ்சினீயர் பட்டமும் பெற்றார். ஆனால் முன்னாள் போராளிகளைப் புதிய அரசாங்கம் தேடிப் பிடித்துக்கொண்டிருந்தது. 1947-ஆம் ஆண்டில் பொய்ப் பெயரில் பாஸ்போர்ட் பெற்று, சரக்குக் கப்பலில் ஏறி இத்தாலிக்குப் போய், அங்கிருந்து பாரிஸ் வந்து சேர்ந்தார். அமெரிக்கா போவதாகத்தான் உத்தேசம், பாரிஸிலேயே தங்கிவிட்டார். அவர் இல்லாமலே விசாரணை நடத்தி அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். சொந்த மண்ணில் காலடி வைத்தால் மரணம். தோழர்கள் பலர் மாண்டிருக்க, தான் மட்டும் தப்பி வந்துவிட்டோமே என்ற வேதனை அவரை வெகு காலம் அரித்துக்கொண்டிருந்தது. தப்பிய உயிருக்கு ஏதாவது அர்த்தம் உண்டாக்கியே தீரவேண்டும் என்ற தவிப்புதான் அவரைச் சங்கீதத்தின் பக்கம் விரட்டியது.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை வேண்டுமல்லவா? அக்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற கட்டடச் சிற்பி லெ கார்புஸியேயின் காரியாலயத்தில் இஞ்சினீயராக அமர்ந்தார். மார்ஸேல்ஸ் நகரில் எழும்பிக்கொண்டிருந்த பெரிய குடியிருப்புக் கட்டடத்துக்குக் காங்கிரீட் கணக்குப் போடுவது வேலை. பகலில் தூணும் உத்தரமும். இரவில் ஸ்வரமும் தாளமும்.

வயதோ முப்பதை நெருங்கிவிட்டது. சங்கீத இலக்கணம் முறையாகக் கற்றதில்லை. குருவைத் தேடிப் புறப்பட்டார். ஆர்தர் ஹோனெகர் என்ற பெரிய சங்கீத கர்த்தாவிடம் தாம் எழுதியதைக் காட்டினார். இலக்கணத்துக்கு விரோதமான இடங்களைச் சுட்டிக் காட்டி, இது சங்கீதமே அல்ல என்ற பொருள்பட அவர் சொல்லிவிட்டார். நம் நாட்டில் சபையில் வைத்து வித்வான் 'அபஸ்வரம்' என்று சொன்னால் எப்படியிருக்கும், அப்படி இருந்திருக்கும். வேறொருவராயிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார்.

பிறகு 1951-ஆம் ஆண்டில் ஒலிவியே மெஸியான் என்பவரிடம் போனார். "அடியிலிருந்து இலக்கணம் கற்க வேண்டுமா?" என்று கேட்டார். மெஸியான் அவர் எழுதியவற்றைப் பார்த்தார், அவருடைய கதையைக் கேட்டார், யோசித்தார். ஐரோப்பியச் சங்கீதக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவர் சாதாரணமாகச் சொல்லத் துணியாத ஒன்றைச் சொன்னார். வேண்டாம் என்றார்! நீர் கிரேக்கர், கட்டடம் கட்டத் தெரிந்தவர், உயர்தரக் கணிதம் கற்றவர்; இந்த மூன்று பாக்கியங்களையும் சங்கீதத்துக்குள் கொண்டு வாரும் என்பதே அந்த ஆசிரியர் கூறிய உபதேசத்தின் சாரம்.

இந்த மெஸியானைப் பற்றி நம் நேயர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இன்னொன்றும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் இயற்றிய 'சங்கீத ரத்னாகர'த்தில் 120 தேசி தாளங்கள் கூறப்பட்டிருக்கின்றன அல்லவா? அவற்றை மிகவும் சிரத்தையுடன் ஆராய்ந்து, தம் சொந்தக் கீதங்களில் எடுத்தாண்டவர் அவர். தன் நாட்டு இலக்கணமே இலக்கணம் என்று இருமாந்திராமல் பிறர் வீட்டுச் செல்வத்தையும் மதிக்கத் தெரிந்தவருக்குத்தான், சீடனுடைய சொந்தச் செல்வத்தையும் மதிக்கத் தோன்றியது போலும். இலக்கணம் கற்பிக்கிற குரு கிடைப்பது எளிது. 'உனக்கு வேண்டியது இதுவன்று' என்று சொல்கிற குரு கிடைப்பது அருமை.

அந்த உபதேசத்தின் பலன் 1954-இல் பூர்த்தியான 'மெட்டாஸ்டாஸிஸ்' என்னும் கிருதி. அறுபத்தொரு பேர் வாசிக்க வேண்டியது. அவர்களில் நாற்பத்தாறு பேர் பிடில் முதலிய தந்தி வாத்தியக்காரர்கள். ஐரோப்பிய வாத்திய கோஷ்டியில் பத்துப் பதினைந்து பிடில்காரர் சேர்ந்து ஒரே வரியை வாசிப்பதுதான் வழக்கம். இவர் நாற்பத்தாறு பேருக்கும் நாற்பத்தாறு தனி வரிகள் எழுதினார்! எல்லோரும் ஒரே ஸ்வரத்தில் தொடங்குகிறார்கள். பிறகு ஒவ்வொருவராக அந்த ஸ்வரத்தை விட்டு வழுக்கிக்கொண்டு நகர்கிறார்கள். நம் வித்வான்கள் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொரு ஸ்வரத்துக்கு விரலை எடுக்காமல் இழுத்துச் செல்வதை ஜாரு என்கிறோமே, அதுபோன்ற ஜாரு. ஒருவர் வேகமாக ஏறுகிறார். ஒருவர் மெல்ல இறங்குகிறார். கேட்பவர் காதில் ஒரு மாபெரும் விசிறி விரிவது போல் நாதம் விரிகிறது. 1955-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியிலுள்ள டோனவெஷிங்கன் ஊர்ச் சங்கீத விழாவில் இது அரங்கேறியபோது சபையில் பெரிய அமளி. சிலர் கை தட்டினர், சிலர் கூச்சலிட்டனர்.

இந்தக் கிருதியை அவர் எழுதிய விதம்தான் விசேஷம். ஸ்வரக் கோடுகளில் புள்ளி வைப்பதற்கு முன், இஞ்சினீயர்கள் உபயோகிக்கும் கட்டமிட்ட காகிதத்தில் கோடுகளாக வரைந்தார். இடமிருந்து வலம் காலம். கீழிருந்து மேல் சுருதி. ஒரு ஜாரு ஒரு சாய்ந்த நேர்க்கோடு. நாற்பத்தாறு நேர்க்கோடுகளையும் சேர்த்துப் பார்த்தால், கண்ணுக்கு ஓர் அழகிய வளைவு தென்படுகிறது. ஒரு கோடும் வளையவில்லை. ஆனால் கூட்டம் வளைகிறது.

நேயர்கள் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே நீளமுள்ள இரண்டு மூங்கில் குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சம தூரத்தில் பத்துப் பன்னிரண்டு கோடு கீறி, எதிரெதிர்க் கோடுகளை நூலால் இணையுங்கள். இரு குச்சிகளையும் இணையாகப் பிடித்தால் நூல்கள் தட்டையான பாய்போல் இருக்கும். இப்போது ஒரு குச்சியை மட்டும் முறுக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நூல்கள் ஒவ்வொன்றும் நேராகவே இருக்க, பாய் குதிரைச் சேணம்போல் வளைந்துவிடும். குழந்தைகள் பார்த்தால் கையை விடமாட்டார்கள். ஸெனாக்கிஸ் காகிதத்தில் நாதமாக வரைந்தது இந்த வித்தையைத்தான். சில வருஷங்களில் அதைக் காங்கிரீட்டில் நிறுத்திக் காட்டினார்.

அந்தச் சந்தர்ப்பம் வாய்த்ததற்கு நம் பாரத தேசமும் ஒரு காரணம் என்றால் ஆச்சரியமாயிருக்கும். தேசப் பிரிவினையில் லாகூர் நகரம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டபடியால், நம் பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் வேண்டியிருந்தது. அவ்வாறு எழுந்தது சண்டிகர். 1951 முதல் அதன் நிர்மாண வேலையில் முதன்மையாக ஈடுபட்டவர் லெ கார்புஸியே. 1958-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடக்கவிருந்த உலகப் பொருட்காட்சிக்கு ஒரு மண்டபம் கட்டித் தரும்படி பிலிப்ஸ் கம்பெனியார் அவரைக் கேட்டபோது, அவர் சண்டிகர் வேலையில் மூழ்கியிருந்தார். மண்டபத்தின் உருவத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு காரியாலயத்திலிருந்த ஸெனாக்கிஸிடம் வந்தது.

அவர் தம் கிருதியின் படத்தை நினைத்துக்கொண்டார். நேர்க்கோடுகளால் ஆன வளைந்த பரப்புகளை ஒன்றோடொன்று சாய்த்து வைத்தார். மூன்று கொடுமுடிகளுடன், காற்றில் விறைத்து நிற்கும் கூடாரம்போல் மண்டபம் எழுந்தது. சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று யாரும் விரல் வைத்துக் காட்ட முடியாது. காங்கிரீட்டின் கனம் சுமார் ஐந்து சென்டிமீட்டர்தான்! முன்கூட்டியே வார்த்த பலகைகளை அடுக்கி, எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டி நிறுத்தினார்கள். உள்ளே 300-க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள். எட்கார் வரேஸ் அமைத்த எட்டு நிமிஷ நாத காவியம், கேட்பவர் தலைக்கு மேலே சுவரோடு சுவராக ஓடிச் சுழன்று செல்லும்படி அவற்றைப் பதித்திருந்தார்கள். ஒரு காட்சி முடிந்து மறு காட்சிக்கு ஜனங்கள் நுழையும் இடைவேளையில் ஸெனாக்கிஸ் தாமே அமைத்த ஒரு சிறு கிருதி ஒலித்தது. வாத்தியம் என்ன தெரியுமா? எரிகிற கரி! குமுட்டி அடுப்பில் கரி கனலும்போது படபடவென்று வெடிக்கிறதே, அந்த ஓசையைப் பதிவு செய்து, துண்டு துண்டாக நறுக்கி, அடர்த்தியாக அடுக்கி, கண்ணாடித் தூள் பொழிவதுபோல் ஆக்கினார். அடுப்பங்கரையில் நாம் தினமும் கேட்டும் கேளாததை அவர் மண்டபமேற்றினார்.

இங்கே ஒரு வருத்தமான விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. மண்டபம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. உலகம் லெ கார்புஸியேயின் பெயரையே சொல்லிற்று. அவரும் தொடக்கத்தில் அதைத் திருத்த முன்வரவில்லை. ஸெனாக்கிஸ் வாய்மூடி இருக்கவில்லை. உரிமையைக் கேட்டார், கடைசியில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. ஆயினும் மனக்கசப்பு ஆறவில்லை. 1959-இல் அந்தக் காரியாலயத்திலிருந்து அவர் வெளியேற நேர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில், பொருட்காட்சி முடிந்துவிட்டபடியால், மண்டபத்தையும் இடித்துவிட்டார்கள். குருவிடம் பக்தி செலுத்துவது நம் மரபு. அதை நாம் குறைவாகச் சொல்லமாட்டோம். ஆனால் சீடனுடைய உழைப்பைச் சீடனுடையது என்று சபையில் சொல்வது குருவின் தர்மம் என்பதையும் மறந்துவிடலாகாது.

இடிக்கப்படாமல் நிற்கும் கட்டடங்களிலும் ஸெனாக்கிஸின் காது இருக்கிறது. பிரான்ஸில் லியான் நகருக்கு அருகில் லா தூரெத் என்னும் துறவியர் மடம் உண்டு. அதன் சுவர்களில் கண்ணாடிகளைப் பதித்த முறை அவருடையது. நெடிய காங்கிரீட் சட்டங்களை ஒரே சீரான இடைவெளியில் நிறுத்தாமல், இங்கே நெருக்கமாகவும் அங்கே விரிவாகவும் நிறுத்தி இடையே கண்ணாடி வைத்தார். நடந்துகொண்டே பார்த்தால் சட்டங்கள் துரித காலத்திலும் விளம்ப காலத்திலும் மாறி மாறி வருகின்றன. கண்ணுக்கு ஒரு தாளம் கேட்கிறது. சண்டிகரின் அரசாங்கக் கட்டடங்களிலும் இந்த முறை கையாளப்பட்டிருக்கிறது. அந்த நகரத்துக்குச் செல்லும் நேயர்கள், கண்ணாடி வரிசையின் முன்னால் இரண்டு நிமிஷம் நடந்து பார்க்கட்டும்.

இனி, ஊர்வலத்தின் கதைக்கு வருவோம். 1956-இல் பூர்த்தியான 'பித்தோப்ரக்தா' என்ற கிருதியில், தெருவில் கேட்டதை வாத்தியங்களுக்குள் கொண்டு வர முயன்றார். தகரக் கொட்டகையின் மேல் மழை பெய்கிறது. எந்தத் துளி எந்த இடத்தில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் மழை தூற்றலாகத் தொடங்கிற்று, வலுத்தது, ஓய்ந்தது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே எல்லோரும் சொல்லிவிடுகிறோம். தனித் துளிக்கு நியமம் இல்லை; மழைக்கு இருக்கிறது. வாயுவிலுள்ள கோடானுகோடி அணுக்கள் தாறுமாறாக ஓடினாலும், எத்தனை பங்கு எந்த வேகத்தில் ஓடும் என்பதற்குப் பௌதிக சாஸ்திரிகள் சூத்திரம் கண்டிருக்கிறார்கள். அந்தச் சூத்திரத்தை எடுத்து, வாயு அணுவுக்குப் பதில் பிடிலின் ஜாருவை வைத்துக் கணக்குப் போட்டார். தந்திகளைச் சுண்டும் ஓசையும், பிடிலின் உடலை விரலால் தட்டும் ஓசையும் மழைபோல், சுவர்க்கோழிக் கூட்டம்போல், கலைந்து ஓடும் ஜனத்திரள்போல் எழுந்து அடங்கின.

"இது சங்கீதமா?" என்று நேயர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாமும் கேட்டோம். சூத்திரம் சரியாக இருந்துவிட்டால் பாட்டு நன்றாயிருந்துவிடும் என்று நாம் நம்பவில்லை. கணக்கினால் ரஸம் பிறக்குமானால், வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளெல்லாம் வாக்கேயகாரர்கள் ஆகியிருக்க வேண்டும். தோடியும் காம்போதியும் கேட்டு வளர்ந்த காது, ஸெனாக்கிஸின் நாதப் பிரளயத்தில் இளைப்பாற இடம் தேடித் திண்டாடும் என்பது உண்மை. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. தெருவில் அன்று மாண்ட ஆயிரம் குரல்களை ஓர் இனிய மெட்டில் அடக்கியிருந்தால், அதுவே பொய்யாகியிருக்கும். தாம் கேட்ட பயங்கரத்தை அழகுபடுத்தாமல், ஆனால் வெறும் கூச்சலாகவும் விட்டுவிடாமல், அதற்குள் ஒரு நியமத்தைக் கண்டு சொன்னார். அதற்கு அவருக்கு உதவியது கணிதம். கணிதம் அவரிடத்தில் இதயத்துக்கு எதிரியாக இருக்கவில்லை. தாங்க முடியாததைத் தாங்கி நிற்கும் உத்தரமாக இருந்தது.

பிற்காலத்தில் அவர் செய்தவை பல. 1966-இல் பிரான்ஸிலே ஒரு கச்சேரியில் எண்பதுக்கும் மேற்பட்ட வாத்தியக்காரர்களை மேடையிலிருந்து இறக்கி, ரசிகர்களின் நடுவிலேயே சிதறி உட்கார வைத்தார். பக்கத்து நாற்காலியில் பிடில். முதுகுப் புறத்தில் எக்காளம்! கட்டடத்துக்குள் நாதம் என்பது போய், நாதமே கட்டடமாகி நம்மைச் சூழ்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. 1977-இல் அவருடைய நிலையத்தார் 'யூபிக்' என்ற இயந்திரத்தை அமைத்தனர். பெரிய பலகையின் மேல் மின்சாரப் பேனாவால் கோடு கிழித்தால், அந்தக் கோட்டை நாதமாக மாற்றி அது ஒலிக்கும். ஸ்வரம் எழுதத் தெரியாத குழந்தையும் மரத்தை வரைந்துவிட்டு அந்த மரம் எப்படிப் பாடுகிறது என்று கேட்கலாம். இலக்கணம் தெரியாதவன் என்று தம்மை ஒரு காலத்தில் வாயிலில் நிறுத்தியவர்களுக்கு அவர் அளித்த மறுமொழி இது என்று கொள்ளலாம். கதவைச் சாத்தி அல்ல, அகலத் திறந்து அளித்த மறுமொழி.

1974-இல் கிரேக்கத்தில் ராணுவ ஆட்சி வீழ்ந்தது. இருபத்தேழு வருஷங்களுக்குப் பிறகு ஸெனாக்கிஸ் சொந்த மண்ணை மிதித்தார். 1978-ஆம் ஆண்டு செப்டம்பரில், மைஸீனி என்னும் புராதன நகரின் இடிபாடுகளுக்கிடையே, இரவு நேரத்தில், திறந்த வெளியில் ஒரு மகோற்சவம் நடத்தினார். மலைச் சரிவில் தீவட்டி ஏந்திய ஊர்வலம். பண்டைக் கிரேக்க நாடகங்களுக்கு அவர் அமைத்த பாடல்கள். யூபிக் இயந்திரத்தில் வரைந்த நாதம். மணியும் விளக்கும் கட்டிய ஆட்டு மந்தை ஒன்று இருளில் குன்றின்மேல் அசைந்து சென்றது. வானத்தைச் சோதனைவிளக்குகள் துழாவின. யுத்த காலத்து ஆதென்ஸில் அத்தகைய விளக்கின் ஒளி மேலே பாய்ந்தால், குண்டு விழப் போகிறது என்று அர்த்தம். இப்போது அதே ஒளி விழாவுக்கு வந்திருந்தது. கீழே ஊர் ஜனங்கள் கூடி நின்றார்கள். துப்பாக்கி வேட்டு எதுவும் கேட்கவில்லை. ஆட்டு மணிகள் கேட்டன.

ஊஞ்சலில் தொடங்கிய வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் ஸெனாக்கிஸ் ஆகிவிட மாட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிற வேளையில் படிக்கத்தான் வேண்டும். ஆனால் "எதை விடுவது?" என்று பிள்ளை கேட்கும்போது, மெஸியான் சொன்னதைத் தகப்பனார் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். கணக்கு நோட்டையும் பிடிலையும் ஒரே மேஜையின்மேல் வைத்திருக்கும் பையன் ஆற்றிலும் சேற்றிலும் கால் வைத்தவன்தான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? இரண்டு மூங்கில் குச்சிகளுக்கு நடுவே நூல் கட்டிக்கொண்டிருக்கிறவனாகவும் அவன் இருக்கலாம் அல்லவா?